வாடகை எங்கே போனது? ஒரு கணக்கியல் விதியும் கம்பெனிகளின் ஆண்டறிக்கையும்

2018-19க்கும் 2019-20க்கும் நடுவே, இந்தியாவில் வாடகைக் கட்டிடங்களில் கடை நடத்தும் பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். வாடகைச் செலவு திடீரென்று சுருங்கியிருக்கும். இபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், நன்றாக ஏறியிருக்கும். அதே வருடம் கடனும் ஏறியிருக்கும். நிகர லாபம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கடைகளை மூடினார்களா? கட்டிடங்களை விலைக்கு வாங்கினார்களா? புதிதாகக் கடன் எடுத்தார்களா? எதுவும் இல்லை. மாதம் பிறந்தால் கட்டிட உரிமையாளருக்கு அதே வாடகை அதே வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

மாறியது ஒரு கணக்கியல் விதி. அதன் பெயர் இண்ட் ஏஎஸ் 116. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக அளவில் அதன் மூலம் ஐஎஃப்ஆர்எஸ் 16. சர்வதேச கணக்கியல் தர வாரியம் 2016 ஜனவரியில் வெளியிட்டு, 2019 ஜனவரி 1 முதல் அமலாக்கியது.

நான் சி.ஏ. படித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆண்டறிக்கைகளைப் படிப்பது ஒரு பழக்கமாகத் தொற்றிக்கொண்டது. எங்கள் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: ஒரு சொல்லின் வரையறையை மாற்றினால், அந்தச் சொல்லை நம்பி எழுதிய எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். கணக்கியல் தரங்கள் மாறும்போது நடப்பதும் அதுதான். "கடன்", "செலவு", "லாபம்" என்ற சொற்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்குள் என்ன போகிறது என்பது மாறிவிடும். பங்கு வாங்குபவர், கடன் கொடுக்கும் வங்கி, அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர யோசிப்பவர் என எல்லோரும் அந்தச் சொற்களை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழைய விதியில் இருந்த ஓட்டை

முன்பு குத்தகையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பொருளைச் சொந்தமாக வைத்திருந்தால் வரும் லாப நஷ்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட குத்தகைக்கு எடுத்தவருக்கே வருகிறதென்றால் அது நிதிக் குத்தகை. பெயருக்குத்தான் குத்தகை, உண்மையில் தவணை முறையில் வாங்குவது. அதைச் சொத்தாகவும் கடனாகவும் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் செயல்பாட்டுக் குத்தகை. அதற்கு மாதாமாதம் வாடகையைச் செலவு எழுதினால் போதும். பேலன்ஸ் ஷீட்டில் ஒன்றும் வராது. அடுத்த பத்து வருடத்துக்குக் கட்டியே தீர வேண்டிய வாடகை, அறிக்கையின் பின்பக்கத்துக் குறிப்புகளில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும்.

இப்படி ஒரு கோட்டைப் போட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நிற்பார்கள். அமெரிக்காவில் 1976இல் வந்த விதியில் எண்களே இருந்தன. குத்தகைக் காலம் பொருளின் ஆயுளில் 75 சதவீதத்தை எட்டினால், அல்லது வாடகைகளின் இன்றைய மதிப்பு பொருளின் விலையில் 90 சதவீதத்தை எட்டினால், அது நிதிக் குத்தகை. அப்புறம் என்ன, 89 சதவீதத்தில் நிற்கிற மாதிரி ஒப்பந்தம் எழுதுவதே ஒரு கலையாகிவிட்டது. சர்வதேச விதியில் இப்படிப் பச்சையாக எண் போடவில்லை. ஆனாலும் பலன் கிட்டத்தட்ட அதேதான்.

விமானக் கம்பெனிகள் இதற்கு நல்ல உதாரணம். நூறு விமானம் பறக்கும், பேலன்ஸ் ஷீட்டில் பத்துதான் இருக்கும். சர்வதேச வாரியத்தின் தலைவராக இருந்த சர் டேவிட் ட்வீடி, தான் சாவதற்குள் ஒரு விமானக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் விமானத்தில் ஒருமுறையாவது பறந்துவிட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னது கணக்கியல் உலகில் பிரபலம்.

வேடிக்கைக்குப் பின்னால் இருந்த தொகை சின்னதில்லை. ஐஎஃப்ஆர்எஸ் அல்லது அமெரிக்க விதிகளைப் பின்பற்றும் பட்டியலிட்ட கம்பெனிகளின் குத்தகைப் பொறுப்புகள் சுமார் 3.3 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் 85 சதவீதத்துக்கு மேல் பேலன்ஸ் ஷீட்டிலேயே இல்லை என்றும் அந்த வாரியம் 2016இல் மதிப்பிட்டது. அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி, பார்டர்ஸ், பிரிட்டனின் எச்எம்வி போன்ற சில்லறை விற்பனைச் சங்கிலிகள் நொடித்துப்போன கதைகளையும் அது சுட்டிக்காட்டியது. பேலன்ஸ் ஷீட்டில் தெரிந்த கடனைவிட, தெரியாமல் இருந்த வாடகைப் பொறுப்பு அங்கெல்லாம் பல மடங்கு அதிகம். வியாபாரம் படுத்தாலும் வாடகை படுக்காது.

புதிய விதி என்ன சொல்கிறது?

விஷயம் எளிது. ஒரு குறிப்பிட்ட பொருளை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் இஷ்டப்படி பயன்படுத்தும் உரிமையைக் காசு கொடுத்துப் பெற்றிருக்கிறீர்களா? அப்படியானால் அந்த உரிமை உங்கள் சொத்து. அதற்காக இனிமேல் கொடுக்க வேண்டிய வாடகை உங்கள் கடன். இரண்டையும் பேலன்ஸ் ஷீட்டில் எழுதுங்கள். குத்தகைக்கு எடுப்பவரைப் பொறுத்தவரை இரண்டு வகை என்ற பேச்சே இல்லை. (குத்தகைக்கு விடுபவருக்குப் பழைய பிரிவினை தொடர்கிறது.)

விலக்கு இரண்டு உண்டு. 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகை ஒன்று. மடிக்கணினி, சின்ன மேசை நாற்காலி போன்ற மதிப்புக் குறைந்த பொருட்கள் இன்னொன்று. இவற்றைப் பழையபடி வாடகையாகவே எழுதலாம்.

ஒரு துணிக்கடைக் கணக்கு

எண் போட்டுப் பார்த்தால்தான் இது மண்டையில் ஏறும். நானும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு கற்பனைத் துணிக்கடை. வருட விற்பனை 100 லட்சம் ரூபாய். வாடகை தவிர்த்த செலவுகள் 80 லட்சம். வாடகை வருடத்துக்கு 10 லட்சம், ஐந்து வருட ஒப்பந்தம், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கட்டுகிறார்கள். இந்தக் கடைக்குக் கடன் வாங்கப் போனால் 10 சதவீத வட்டி. ஏற்கெனவே வங்கிக் கடன் 20 லட்சம் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, அதன் வட்டியையும் மற்ற தேய்மானங்களையும் ஓரமாக வைத்துவிடுவோம்.

பழைய முறையில் இபிட்டா 10 லட்சம். லாபமும் 10 லட்சம். கடன் 20 லட்சம். முடிந்தது.

புதிய முறையில் முதலில் ஐந்து வருட வாடகையின் இன்றைய மதிப்பைப் பார்க்க வேண்டும். மொத்தம் கட்டப்போவது 50 லட்சம். ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கட்டும் 10 லட்சத்துக்கு இன்றைக்கு அந்த மதிப்பு கிடையாது. 10 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 37.91 லட்சம் வருகிறது. இதுதான் பேலன்ஸ் ஷீட்டில் முதல் நாள் ஏறும் தொகை: ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமை என்ற சொத்து, மறுபக்கம் குத்தகைக் கடன்.

சொத்தை ஐந்து வருடத்தில் தேய்க்க வேண்டும். வருடத்துக்கு 7.58 லட்சம் தேய்மானம். கடனுக்கு வட்டி போட வேண்டும். முதல் வருடம் 37.91க்கு 10 சதவீதம், 3.79 லட்சம். 10 லட்சம் கட்டியதில் இந்த வட்டி போக மீதி அசலில் கழியும். வருடக் கடைசியில் கடன் 31.70 லட்சம். இப்படியே போனால் லாப நஷ்டக் கணக்கில் ஏறும் மொத்தச் செலவு (தேய்மானமும் வட்டியும்) இதுதான்:

முதல் வருடம் 11.37 லட்சம்
இரண்டாம் வருடம் 10.75 லட்சம்
மூன்றாம் வருடம் 10.07 லட்சம்
நான்காம் வருடம் 9.32 லட்சம்
ஐந்தாம் வருடம் 8.49 லட்சம்

கூட்டிப் பாருங்கள், சரியாக 50 லட்சம். மொத்தத்தில் ஒரு பைசா மாறவில்லை. எந்த வருடத்தில் எவ்வளவு, எந்தத் தலைப்பின் கீழ் என்பதுதான் மாறியிருக்கிறது. வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கு இந்த வடிவம் பழக்கம்தான். ஆரம்பத்தில் வட்டி அதிகம், போகப் போகக் குறையும்.

இப்போது முதல் வருட அறிக்கையைப் பாருங்கள். வாடகை என்ற வரியே இல்லை. இபிட்டா 20 லட்சம், அதாவது இரண்டு மடங்கு. லாபம் 8.63 லட்சம், அதாவது முன்பைவிடக் குறைவு. கடன் 20லிருந்து 51.70 லட்சம். ஒரே கடை, ஒரே வியாபாரம், ஒரே கல்லாப்பெட்டி.

இங்கே ஒரு நுணுக்கம். நிறையக் கடைகள் வைத்திருக்கும் கம்பெனியில் சில குத்தகைகள் புதிதாக இருக்கும், சில முடியும் தறுவாயில் இருக்கும். முன்பின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஆனால் வேகமாகக் கடை திறந்துகொண்டே போகும் கம்பெனியில் பெரும்பாலான குத்தகைகள் இளம் குத்தகைகள். அதனால் அதன் லாபம் தொடர்ந்து கொஞ்சம் அழுந்தியே தெரியும். விரிவாக்கம் நின்ற பிறகு, வியாபாரம் அப்படியே இருந்தாலும் லாபம் கூடுவதுபோல் தெரியும். இரண்டையும் பார்ப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணப்பாய்வு அறிக்கையிலும் மாற்றம்

"லாபத்தை நம்பாதே, கேஷ் ஃப்ளோவை நம்பு" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் இந்த விதி அங்கேயும் கை வைத்திருக்கிறது. முன்பு வாடகை, செயல்பாட்டுப் பணப்பாய்வில் கழிந்தது. இப்போது அது கடன் தவணை ஆகிவிட்டதால், அசலும் வட்டியும் நிதிசார் பணப்பாய்வுக்குக் கீழே போய்விடுகின்றன. நம் துணிக்கடையின் செயல்பாட்டுப் பணப்பாய்வு வரிக்கு முன் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ஆகிவிடும். பேங்க் பாஸ்புக்கில் மாற்றம் எதுவும் இல்லை.

செயல்பாட்டுப் பணப்பாய்விலிருந்து மூலதனச் செலவைக் கழித்து, மிச்சம்தான் கம்பெனியின் சுதந்திரப் பணம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். குத்தகைத் தவணையையும் சேர்த்துக் கழிக்காவிட்டால், வாடகை கட்டாத ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு விலை பேசுகிறோம் என்று அர்த்தம்.

வங்கிக்காரர் என்ன சொல்வார்?

கடன் ஒப்பந்தங்களில் நிபந்தனைகள் இருக்கும். உதாரணத்துக்கு, கடன் எப்போதும் இபிட்டாவில் 2.5 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் கடை பழைய கணக்கில் 20ஐ 10ஆல் வகுத்து 2 மடங்கு. நிம்மதி. புதிய கணக்கில் 51.70ஐ 20ஆல் வகுத்தால் 2.6 மடங்கு. நிபந்தனை மீறல்! கடைக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. தூங்கி எழுந்ததற்குள் அளவுகோல் மாறிவிட்டது.

இதற்காகவே பல கடன் ஒப்பந்தங்களில், கையெழுத்திட்ட அன்றைக்கு எந்தக் கணக்கியல் விதி இருந்ததோ அதன்படிதான் கணக்கிட வேண்டும் என்று ஒரு ஷரத்து போடுவார்கள். மென்பொருளில் ஒரு லைப்ரரியின் பழைய வெர்ஷனைப் பூட்டி வைக்கிறோமே, அதே யோசனை. ஷரத்து இல்லாதவர்கள் வங்கியோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

தீர்ப்பு எங்கெல்லாம் நுழைகிறது?

விதி எளிது என்றேன். போடும் எண்கள் அவ்வளவு எளிதில்லை.

முதலில் குத்தகைக் காலம். நம் ஊரில் கடை வாடகை ஒப்பந்தம் ஒன்பது வருடத்துக்கு இருக்கும், ஆனால் முதல் மூன்று வருடம்தான் காலி பண்ணக்கூடாது, அதன் பிறகு வாடகைக்கு எடுத்தவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிற மாதிரி எழுதுவது சகஜம். இதில் குத்தகைக் காலம் எவ்வளவு? தொடர்ந்து இருப்பார்கள் என்பது நியாயமான அளவுக்கு உறுதியா என்று கேட்கச் சொல்கிறது விதி. உள்ளே ஏகப்பட்ட செலவில் அலங்காரம் செய்திருந்தால், இடம் வியாபாரத்துக்கு ராசியான இடம் என்றால், ஒன்பது வருடம் என்பார்கள். இல்லையென்றால் மூன்று. வருடம் 10 லட்சம் வாடகை, 10 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்குக் கடன் 24.87 லட்சம். ஒன்பது வருடத்துக்கு 57.59 லட்சம். ஒரே ஒப்பந்தம்தான். நிர்வாகத்தின் கணிப்பு மட்டும் வேறு.

இரண்டாவது வட்டி விகிதம். குத்தகையில் மறைந்திருக்கும் வட்டி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியாது. அப்போது, அதே மாதிரிக் காலத்துக்கு அதே மாதிரி ஈட்டோடு கடன் வாங்கினால் என்ன வட்டி வருமோ அதைப் போட வேண்டும். வட்டியைக் கூட்டினால் கடன் குறைந்து தெரியும்.

மூன்றாவது, மாறும் வாடகை. விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகை பேசியிருந்தால் அது குத்தகைக் கடனில் சேராது. அந்தந்த வருடச் செலவாகப் போகும். மால்களில் இந்த மாதிரி ஒப்பந்தம் உண்டு. அதனால் நிலையான வாடகை கொடுக்கும் கம்பெனிக்கும், விற்பனைப் பங்கு கொடுக்கும் கம்பெனிக்கும் இபிட்டாவை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. பழைய ஓட்டையை அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது.

டாலரில் வாடகை கட்டினால்

இந்தியாவில் இந்த விதி அழுத்தமாகத் தெரியும் இடம் விமானத் துறை. விமானக் குத்தகை பெரும்பாலும் டாலரில். டிக்கெட் பணமோ பெரும்பகுதி ரூபாயில். பழைய முறையில் அந்தந்த மாத வாடகையை அன்றைய மாற்று விகிதத்தில் எழுதினால் போதும். புதிய முறையில் அடுத்த பல வருட வாடகை முழுவதும் டாலர் கடனாக நிற்கிறது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அதை அன்றைய ரூபாய் மதிப்பில் திருத்தி எழுத வேண்டும்.

100 டாலர் கடன், 84 ரூபாயாக இருந்த டாலர் 88 ஆனால், 8,400 ரூபாய் கடன் 8,800 ஆகிறது. 400 ரூபாய் உடனே நஷ்டம். எதிர்ப்பக்கம் இருக்கும் விமானப் பயன்பாட்டு உரிமையோ முதல் நாள் ரூபாய் மதிப்பிலேயே நிற்கும். அதைத் திருத்த விதி அனுமதிக்கவில்லை. ஒரு தட்டு மட்டும் ஆடும் தராசு இது.

இண்டிகோவை நடத்தும் இண்டர்குளோப் ஏவியேஷனின் 2025 ஜூலை-செப்டம்பர் காலாண்டு முடிவைப் பாருங்கள். சுமார் 2,580 கோடி ரூபாய் நஷ்டம் என்று தலைப்புச் செய்தி வந்தது. நாணய மாற்றத்தின் தாக்கத்தை ஒதுக்கிவிட்டால் சுமார் 100 கோடி ரூபாய் லாபம் என்று கம்பெனியே சொன்னது. எது உண்மை? இரண்டுமே உண்மைதான். டாலர் ஏறினால் வரப்போகும் வாடகை நிஜமாகவே ரூபாயில் கூடுகிறது. அது கற்பனை நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பணம் அந்தக் காலாண்டில் வெளியே போய்விடவில்லை. பல வருடங்களில் போகும். அதற்குள் டிக்கெட் விலையும் மாறலாம், டாலரும் இறங்கலாம். ஒரு காலாண்டின் நஷ்டத்தைப் பார்த்து "கம்பெனி பறப்பதிலேயே நஷ்டப்படுகிறது" என்று முடிவுகட்டினால் அது தவறு. "வெறும் கணக்குதானே" என்று தள்ளிவிட்டால் அதுவும் தவறு.

எங்கள் தொழிலுக்கு வந்தால்

சர்வர்களிலும் இந்தக் கேள்வி வருகிறது. ஒரு டேட்டா சென்டரில் உங்களுக்கென்று ஒதுக்கிய, எண் போட்டு அடையாளம் காட்டக்கூடிய இயந்திரங்களை மூன்று வருடத்துக்கு எடுத்து, அவற்றை எப்படி, எதற்குப் பயன்படுத்துவது என்று நீங்களே தீர்மானித்தால் அது குத்தகை. ஒப்பந்தத்தின் தலைப்பில் "சேவை" என்று எழுதியிருந்தாலும் குத்தகைதான். மாறாக, உங்கள் நிரல் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்றே தெரியாத, அளிப்பவர் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கிளவுட் என்றால் குறிப்பிட்ட பொருள் என்று எதுவும் இல்லை. அதனால் குத்தகை இல்லை, சேவை. இணையம் வழியாகப் பிறர் மென்பொருளைச் சந்தாவில் பயன்படுத்துவது பொதுவாகச் சேவை ஒப்பந்தம்தான் என்று சர்வதேச விளக்கக் குழு 2019 மார்ச்சில் தெளிவுபடுத்தியது.

விளைவைக் கவனியுங்கள். சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கும் குத்தகை சர்வர் வைத்திருப்பவருக்கும் இபிட்டாவில் அந்தச் செலவு வராது. கிளவுடுக்குப் போனவருக்கு முழுச் செலவும் இபிட்டாவுக்கு மேலேயே கழிந்துவிடும். கிளவுடுக்கு மாறிய ஒரு கம்பெனியின் இபிட்டா சதவீதம் குறைந்தால், உடனே திறமை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

புதிய விதியின் நோக்கமே ஒப்பிட உதவுவதுதான். டிமார்ட் பெரும்பாலும் சொந்தக் கட்டிடத்திலோ நீண்டகாலக் குத்தகை நிலத்திலோ கடை நடத்துகிறது. வேறு பல சங்கிலிகள் வாடகைக் கட்டிடங்களில் நடத்துகின்றன. முன்பு ஒன்றில் சொத்து தெரியும், இன்னொன்றில் தெரியாது. இப்போது இரண்டும் ஓரளவு ஒரே தளத்தில் நிற்கின்றன. இது நல்ல மாற்றம்.

ஆனால் மூன்று இடங்களில் ஒப்பீடு உடைகிறது.

ஒன்று, காலம். மாறும்போது பழைய வருட எண்களைத் திருத்தாமல், மாறும் நாளிலிருந்து மட்டும் புதிய விதியைப் போட அனுமதி இருந்தது. அந்த வழியில் போன கம்பெனிகளின் 2018-19 எண் பழைய விதியில், 2019-20 எண் புதிய விதியில். இணையத்தில் கிடைக்கும் பத்து வருட அட்டவணைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தலைப்பின் கீழ் நிற்கும். முழத்தில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் ஒரே வரிசையில் எழுதி, "வளர்ச்சி" என்று கோடு போட்ட மாதிரி.

இரண்டு, நாடு. அமெரிக்காவும் 2016இல் தன் விதியை மாற்றியது. அங்கேயும் குத்தகை பேலன்ஸ் ஷீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் செயல்பாட்டுக் குத்தகை என்ற வகையை அவர்கள் விடவில்லை. அதற்கு லாப நஷ்டக் கணக்கில் பழையபடி சமமான ஒற்றைச் செலவுதான். அதனால் அமெரிக்கச் சங்கிலிக் கடையின் இபிட்டா வாடகை கழித்தது, இந்தியக் கடையுடையது கழிக்காதது.

மூன்று, கம்பெனியின் அளவு. இந்தியாவில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும், நிகர மதிப்பு 250 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளும்தான் பொதுவாக இண்ட் ஏஎஸ் வழியில் போகின்றன. சிறிய தனியார் கம்பெனிகள் பழைய ஏஎஸ் 19ஐயே பின்பற்றுகின்றன. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளின் கணக்கு இரண்டு மொழிகளில் இருக்கலாம்.

அப்படியானால் மாற்றியது சரியா?

என் பார்வையில் சரிதான். கட்டியே தீர வேண்டிய பணத்தைக் கடன் என்று சொல்வதில் தவறு இல்லை. பின்பக்கக் குறிப்பில் ஒளிந்திருந்தது முன்பக்கத்துக்கு வந்திருக்கிறது. கெட்டிக்கார ஆய்வாளர்கள் முன்பும் அந்தக் குறிப்பைப் படித்து, வருட வாடகையைக் குத்துமதிப்பாக எட்டால் பெருக்கிக் கடனில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வசதி இல்லாத சாதாரண வாசகருக்கும் இப்போது எண் நேரடியாகக் கிடைக்கிறது.

விலையும் உண்டு. வாடகை என்பது மனிதர்களுக்குப் புரியும் சொல். அது தேய்மானம், வட்டி என்று இரண்டாகப் பிரிந்து கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. இபிட்டா என்ற அளவு, வாடகைக் கடைகளைப் பொறுத்தவரை, பெரும் பகுதி பொருளை இழந்துவிட்டது. அதனால்தான் பல சில்லறைக் கம்பெனிகள் முதலீட்டாளர் விளக்கங்களில் இண்ட் ஏஎஸ் 116க்கு முந்தைய முறையில் இபிட்டா எவ்வளவு என்று தனியாகவும் போடுகின்றன.

இப்படிக் கம்பெனிகள் தாங்களே வகுத்துக்கொள்ளும் அளவுகளுக்கும் கடிவாளம் வருகிறது. 2024 ஏப்ரலில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் அமலாகிறது. செயல்பாட்டு லாபம் என்றால் என்ன என்பதை அது வரையறுத்து, எல்லோரும் கட்டாயம் காட்டச் சொல்கிறது. நிர்வாகம் சொந்தமாக ஒரு லாப அளவைப் பொதுவெளியில் சொன்னால், அது எப்படி வந்தது, விதிப்படியான எண்ணோடு எங்கே வேறுபடுகிறது என்று குறிப்புகளில் விளக்க வேண்டும். அந்த விளக்கம் தணிக்கைக்கும் உட்படும். இந்தியாவிலும் இதற்கு இணையாக இண்ட் ஏஎஸ் 118க்கான வரைவு வெளியாகியிருக்கிறது. அட்டவணைகளில் இன்னொரு தையல் விழப்போகிறது.

ஒரு கம்பெனியின் அறிக்கையைத் திறந்ததும் நான் பார்க்கும் வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் கணக்கியல் கொள்கைகள் பகுதியில் அந்த வருடம் எந்த விதி புதிதாக வந்தது, பழைய எண்களைத் திருத்தினார்களா என்று பார்ப்பேன். அடுத்து குத்தகைக் குறிப்பு: மொத்தக் கடன், எந்த வருடத்தில் எவ்வளவு கட்ட வேண்டும், கடனில் சேராத மாறும் வாடகை எவ்வளவு. பிறகு பணப்பாய்வு அறிக்கையில் குத்தகை அசலும் வட்டியும் எவ்வளவு என்று எடுத்து, இரண்டையும் செயல்பாட்டுப் பணத்திலிருந்து கழிப்பேன். கடைசியாகத்தான் லாபத்துக்கு வருவேன். மொத்தம் கால் மணி நேர வேலை. விரல் நுனியில் கிடைக்கும் அட்டவணை எதுவும் இந்தக் கால் மணி நேரத்தை நமக்காகச் செலவழிப்பதில்லை.